விசிறிச் சிப்பி: கரையில் பொறுக்குவதிலிருந்து பெட்டியில் அடுக்குவது வரை

நான் முதன்முதலில் சேர்த்த முப்பது விசிறிச் சிப்பிகளில் இன்று உருப்படியாக இருப்பவை ஆறு. மற்றவற்றைக் கடல் கெடுக்கவில்லை, நான்தான் கெடுத்தேன். நாலைந்தை ஆசிட்டில் முக்கினேன், சிலவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் பூசினேன், மிச்சத்தைப் பளபளவென்று புது பிளைவுட் அலமாரியில் அடுக்கி வைத்தேன். மூன்றுமே தப்பு. அலையிலும் மணலிலும் உருண்டு தப்பி வந்த ஓடு, வீட்டுக்கு வந்த பிறகுதான் வீணாகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பொறுக்குவதைக் கொஞ்சமாகவும், பொறுக்கிய பிறகு செய்ய வேண்டியதை விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

எந்தச் சிப்பி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஷெல் பெட்ரோல் பங்க்கில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு சின்னம் இருக்குமே, அதே வடிவம். ஆங்கிலத்தில் ஸ்காலப். விரித்த விசிறி போல அடியிலிருந்து கிளம்பும் விலாக்கோடுகள், கூம்பிய முனையின் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு சிறகுகள். கடற்கரையில் நாம் பொதுவாகக் கிளிஞ்சல் என்று அள்ளுவதில் பெரும்பாலானவை மட்டி வகைகள், அவற்றுக்கு இந்தக் காது கிடையாது. கையில் எடுத்ததும் காதைத் தேடுங்கள், குழப்பம் வராது.

உயிரோடு இருக்கும்போது இது ஒரு விசித்திரப் பிறவி. சதையின் விளிம்பில் வரிசையாகக் கண்கள், சில இனங்களில் இருநூறு வரை. ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு குட்டிக் கண்ணாடி. எதிரி வந்தால் இரண்டு ஓடுகளையும் படபடவென அடித்துத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு நீந்தி ஓடிவிடும். இரட்டை ஓடு கொண்ட உயிர்களில் இப்படி ஓடத் தெரிந்தவை குறைவு.

நம் கரையில் எவை கிடைக்கும்

தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய ஒரு விசிறிச் சிப்பியே உண்டு: வோலாக்ளாமிஸ் ட்ராங்க்யூபேரியா. டேனிஷ்காரர்கள் 1620-ல் வந்து கோட்டை கட்டி, 1845 வரை வைத்திருந்த ஊர் அது. வெளிநாட்டார் வாயில் ட்ராங்க்யூபார். அங்கிருந்த மிஷனரிகளில் சிலருக்குப் பிரசங்கத்தோடு சிப்பி, மீன், செடி சேர்க்கும் பித்தும் இருந்தது. கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்பவர் இங்கிருந்து மீன்களைப் பாடம் செய்து ஜெர்மனிக்கு அனுப்பினார். ஒரு மீனின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சிப்பிக்கு 1791-ல் பெயர் வைத்தவர் கமெலின் என்ற ஜெர்மானியர். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சிப்பிதான், ஆனால் நிறத்தில் ஒன்று போல் ஒன்று இருக்காது. செங்கல், மஞ்சள், கத்தரிப்பூ, காப்பிப்பொடி, இவை எல்லாம் கலந்த புள்ளி என்று பத்து சிப்பிகளில் பத்து சாயம் பார்க்கலாம்.

இன்னொன்று சூரிய சந்திரச் சிப்பி என்று சேகரிப்பாளர்கள் சொல்வது, அமூசியம் ப்ளூரோநெக்டஸ். ஒரு ஓடு செம்பழுப்பு, மறு ஓடு வெள்ளை. வெளிப்பக்கம் பீங்கான் தட்டு போல வழவழப்பு, உள்பக்கம் மட்டும் மெல்லிய விலாக்கோடுகள். ஆழத்தில் மணலும் சேறுமான தரையில் வாழ்வதால் இழுவலையில்தான் வரும். கரையில் முழுசாக ஒதுங்குவது அபூர்வம். ஓடு அப்பளம் மாதிரி மெல்லியது.

எடுக்கலாமா, கூடாதா

இதைப் படிக்காமல் அடுத்த பத்திக்குத் தாவாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ல் 24 வகைச் சங்கு, சிப்பி இனங்கள் சேர்க்கப்பட்டன. விசிறிச் சிப்பிகள் அதில் இல்லை. ஆனால் ஜன்னல் சிப்பி, அதாவது ப்ளாசென்டா, இருக்கிறது. கண்ணாடிக்குப் பதிலாக ஜன்னலில் பதிக்கும் அளவுக்கு ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பி அது. அமூசியத்தின் வெள்ளை ஓட்டையும் இதையும் புதியவர்கள் எளிதில் மாற்றிக்கொள்வார்கள். அடையாளம் சுலபம்: அமூசியத்துக்குக் காதும் உள்ளே விலாக்கோடும் உண்டு. ஜன்னல் சிப்பிக்குக் காது இல்லை, உள்பக்கம் கூம்பிய முனையருகே தலைகீழ் ‘வி’ போல இரண்டு மேடுகள் இருக்கும். சந்தேகம் வந்தால் கீழே போட்டுவிடுங்கள்.

இடமும் முக்கியம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. அங்கே செத்த சிப்பி ஆனாலும் கை வைக்கக் கூடாது. பவளத் துண்டு எந்தக் கரையில் கிடந்தாலும் தொட வேண்டாம், அது இதைவிடப் பெரிய வழக்கு.

உயிரோடு இருப்பதை எடுக்காதீர்கள். இரண்டு ஓடும் சேர்ந்து கனமாக இருந்து, தட்டியதும் வாயை மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இடுப்பளவுத் தண்ணீர் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்.

எப்போது, எங்கே

அமாவாசை, பௌர்ணமியில் கடல் நன்றாக வற்றும் என்பது உண்மைதான். ஆனால் சோழமண்டலக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் இங்கே நாள்காட்டியைவிடக் காற்றுதான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடித்துக் கடல் கொந்தளித்து அடங்கிய மறுநாள் காலை, ஆறு மணிக்குள் போங்கள். அலை விட்டுப்போன குப்பைக் கோடு கரை நெடுக வளைந்து வளைந்து கிடக்கும். கடற்பாசி, குச்சி, நைலான் துண்டு எல்லாம் பின்னிக்கிடக்கும் அந்தக் கோட்டில்தான் லேசான ஓடுகள் சிக்கியிருக்கும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் வீட்டிலேயே இருங்கள்.

மணலில் கிடைப்பவை பெரும்பாலும் ஒற்றை ஓடு. காது உடைந்து, விலாக்கோடு தேய்ந்து, நிறம் வெளுத்திருக்கும். ஜோடியாக, காதோடு வேண்டுமென்றால் மீன் இறங்குதளத்துக்குப் போக வேண்டும். இழுவலைப் படகுகள் கொட்டும் சங்காயத்தைக் கிளறினால் கிடைக்கும். கோழித் தீவனத்துக்குப் போகும் பொடிமீன் குவியல்தான் சங்காயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது போய்ப் பயனில்லை.

முதல் தடவை நான் போனபோது சங்காயம் பிரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஒரு ஓட்டைக் காட்டினேன். “அக்கா, இது மாதிரி வந்தா எடுத்து வைப்பீங்களா? காசு குடுத்துடறேன்.”

வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இதையா தம்பி? நாங்க காலால தள்ளிவிடுறது. இதுக்கு எதுக்குக் காசு? ஒரு டீ வாங்கிக் குடு.”

மறுவாரம் பெயின்ட் வாளி நிறைய வைத்திருந்தார். முக்கால்வாசி மட்டி, சில நத்தை, மூன்றே மூன்று அமூசியம், அதிலும் ஒன்றுதான் உடையாதது. குறை அவர் மேல் இல்லை. ‘இது மாதிரி’ என்று நான் சொன்னது போதவில்லை. அடுத்த முறை காதைத் தொட்டுக் காட்டினேன், அப்புறம் தப்பு வரவில்லை.

கையில் கொண்டுபோக வேண்டியவை: ஒரு பிளாஸ்டிக் டப்பா, நாலைந்து ஜிப் கவர், பென்சில், சின்ன நோட்டு. துணிப்பையில் போட்டு ஆட்டிக்கொண்டே வந்தால் ஒன்றோடொன்று உரசி, வீடு வருவதற்குள் காது போய்விடும்.

முதல் வேலை: சதையை எடுப்பது

சங்காயத்திலிருந்து வந்ததில் சதை இருக்கும். அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவிட்டால் தானே அழுகி வரும் என்று சிலர் சொல்வார்கள். வரும்தான், ஆனால் அழுகும்போது உண்டாகும் அமிலம் ஓட்டின் மினுமினுப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். மண்ணில் புதைத்து எறும்புக்கு விடுவதும் இப்படித்தான், பழைய சுவர் மாதிரி வெளிறிப்போய் வெளியே வரும்.

நான் செய்வது இது. பச்சைத் தண்ணீரில் சிப்பியைப் போட்டு, சின்னத் தீயில் மெதுவாகச் சூடேற்றுவேன். கொதிக்கும் நீரில் திடீரென்று போட்டால் ஓடு விரிசல் விடும். நீர் கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். ஓடு வாய் திறந்திருக்கும். நடுவில் வெள்ளையாக ஒரு தசைத்தூண் இரண்டு ஓட்டையும் பிடித்துக்கொண்டிருக்கும், அதை மழுங்கலான கத்தியால் ஓட்டை ஒட்டிச் சுரண்டினால் சதை முழுவதும் கையோடு வந்துவிடும். வீட்டில் வாடை பொறுக்க மாட்டார்கள் என்றால் கவரில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு நாள் வையுங்கள். உருகியதும் இதே மாதிரி எடுக்கலாம். கவரின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

கீலில் கறுப்பாக, முக்கோணமாக ஒரு ரப்பர்த் துண்டு போல இருக்கும். அதை நோண்டாதீர்கள். ஜோடியைச் சேர்த்துப் பிடிப்பது அதுதான். காய்ந்தால் நொறுங்கிவிடும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே ஓட்டை மூட வேண்டுமா, வண்ணத்துப்பூச்சி போல விரித்து வைக்க வேண்டுமா என்று முடிவு செய்து, பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். காய்ந்த பிறகு அதே நிலையில் நின்றுவிடும். ரப்பர் பேண்ட் வேண்டாம், வெயில் காலத்தில் இளகி ஓட்டில் ஒட்டிக்கொள்ளும்.

உப்பு எடுப்பது, கழுவுவது

கரையில் பொறுக்கியதானாலும் சரி, வேகவைத்ததானாலும் சரி, மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊற வேண்டும், காலை மாலை தண்ணீர் மாற்ற வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர் என்றால் கடைசி நாள் கேன் தண்ணீர். அவசரப்பட்டால் ஓட்டின் நுண்துளைகளில் தங்கிய உப்பு ஒரு மாதம் கழித்து வெள்ளையாகப் பூத்து வெளியே வரும்.

பிறகு பழைய டூத் பிரஷ், ஒரு துளி பாத்திரம் கழுவும் லிக்விட். விலாக்கோட்டின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். சில இனங்களில் கோட்டின் மேல் மீன்செதில் போல நுண்ணிய முட்கள் இருக்கும், குறுக்கே தேய்த்தால் பெயர்ந்துவிடும். கொட்டலசு (பார்னக்கிள்), புழுக்குழாய் ஒட்டியிருந்தால் ஊசிமுனையால் ஓரத்திலிருந்து நெம்புங்கள். எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒரு கொட்டலசு குடியிருந்த சிப்பி, அது வாழ்ந்த கதையையும் சேர்த்துச் சொல்கிறது. நான் அப்படியே விட்டுவிடுவேன்.

பாசியும் வாடையும் போகாவிட்டால் மட்டும் ப்ளீச். கடையில் கிடைக்கும் திரவ ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, பத்து நிமிடம், அவ்வளவுதான். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், சுண்ணாம்புப் படிவு விட்டுவிடும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் வெள்ளை வெளேரென்று வரும், தடவினால் சாக்பீஸ் தடவியது போல இருக்கும். அமூசியத்துக்கு ப்ளீச்சே காட்டாதீர்கள், அந்த வழவழப்பு போனால் அதில் ஒன்றுமே இல்லை. கீலின் ரப்பரையும் ப்ளீச் தின்னும், ஆகவே ஜோடியை முழுதாக முக்காமல் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

இனி ஆசிட் விஷயம். கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு என்பது நமக்குத் தெரியும். சிப்பி ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், வினிகர், எலுமிச்சை, புளி எது பட்டாலும் நுரைத்துக் கரையும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்த கை, சிப்பிக்கும் அதையே எடுக்கும். நான் ஆசிட்டில் முக்கியவை முதல் அரை நிமிடம் பளிச்சென்று மின்னின. எடுத்துக் காயவைத்தபோது விலாக்கோடு மழுங்கி, காதுகள் தாள் மாதிரி ஆகிவிட்டிருந்தன. இன்னொன்று, ப்ளீச்சும் ஆசிட்டும் ஒரே வாளியில் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைத்துவிடும்.

காயவைத்தலும் எண்ணெயும்

நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம். மொட்டைமாடி வெயில் வேண்டாம். செங்கல் நிறமும் கத்தரிப்பூ நிறமும் வெயிலில் வெளுக்கும், போனது திரும்பாது.

காய்ந்ததும் மங்கலாகத் தெரியும், மனசு கேட்காது. இந்த இடத்தில்தான் நான் தேங்காய் எண்ணெய் பூசினேன். நாலு நாள் ஜோர். இரண்டு மாதத்தில் சிக்கு வாடை, ஓட்டில் பிசுபிசுப்பு, அதில் தூசி, பின்னாலேயே எறும்பு. சமையலறை எண்ணெய் எதுவுமே ஆகாது. மினரல் ஆயில் பூசலாம். பேபி ஆயில் என்று விற்பது பெரும்பாலும் அதுதான், பாட்டிலில் பார்த்து வாங்குங்கள். இரண்டு சொட்டைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு மணி நேரம் கழித்துத் துணியால் துடைத்தெடுத்துவிடுங்கள். வார்னிஷ் அடித்தால் அன்றைக்குப் பார்க்க அழகு, சில வருஷத்தில் மஞ்சள் பூத்துவிடும், உரிக்கவும் முடியாது.

பெட்டி: உண்மையான எதிரி இங்கேதான்

பிளைவுட் அலமாரியில் வைத்தவை முதல் மழைக்காலம் முடிந்தபோது வெள்ளைப் பொடி பூத்திருந்தன. பூஞ்சணம் என்று நினைத்துத் துடைத்தேன். துடைத்த இடத்தில் ஊசியால் குத்தியது போலப் பள்ளங்கள். முகர்ந்தால் லேசாக வினிகர் வாடை.

அருங்காட்சியகங்களில் இதற்கு ‘பைன் நோய்’ என்று பெயர். லாஃப்டஸ் செயின்ட் ஜார்ஜ் பைன் என்ற ஆங்கிலேயர் 1899-ல் இதைப் பற்றி எழுதினார், கிருமி என்று நினைத்தார். நோயே இல்லை, வெறும் வேதியியல் என்று பிறகு தெரிந்தது. மரத்திலிருந்து, குறிப்பாக ஓக் மரத்திலிருந்தும் ஒட்டுப்பலகைகளிலிருந்தும், அசெட்டிக் அமில, ஃபார்மிக் அமில ஆவி கசிகிறது. மூடிய பெட்டிக்குள் ஈரமும் சேர்ந்தால் அந்த ஆவி ஓட்டோடு வினைபுரிந்து உப்பாகப் பூக்கிறது. நாம் ஆசிட்டில் முக்காவிட்டாலும் அலமாரி மெதுவாக முக்கிக்கொண்டிருக்கிறது.

கடல் உப்பா, இதுவா என்று பார்ப்பதற்கு ஒரு வழி: கழுவிக் காயவைத்த பின் திரும்ப வராவிட்டால் கடல் உப்பு. ஓட்டில் பள்ளம் விழுந்திருந்தாலோ, வினிகர் வாடை இருந்தாலோ அலமாரியைச் சந்தேகப்படுங்கள். வந்துவிட்டால் பேட்டரித் தண்ணீரில், அதாவது உப்பு நீக்கிய நீரில், ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை மாற்றி, எலும்பு போலக் காயவைத்து, வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். கடையில் ‘பேட்டரித் தண்ணீர்’ என்று தெளிவாகக் கேளுங்கள், பேட்டரி ஆசிட்டும் அதே அலமாரியில்தான் இருக்கும். விழுந்த பள்ளம் விழுந்ததுதான், மேலும் பரவாமல் நிறுத்தலாம்.

எனவே மரப்பெட்டி, அட்டைப்பெட்டி, தீப்பெட்டி, செய்தித்தாள் எதுவும் வேண்டாம். சாப்பாட்டுக்கு விற்கும் பாலிபுரோப்பிலீன் டப்பா போதும், அடியில் பார்த்தால் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். அடியில் தலையணைக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு. ஒவ்வொரு சிப்பியும் தனி ஜிப் கவரில், மூச்சுவிட நாலு ஊசித்துளையோடு. டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் ஆசை இருந்தால் ஒட்டும் பசையைக் கவனியுங்கள். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையும், கண்ணாடிக் கடையில் அடிக்கும் வினிகர் வாடை சிலிக்கானும் அதே அசெட்டிக் அமிலத்தைத்தான் விடுகின்றன. ஒட்டாமல் நைலான் நரம்பால் கட்டிவிடுவது மேல்.

சீட்டு

தப்பிப் பிழைத்த அந்த ஆறில் இரண்டுக்குச் சீட்டு இல்லை. ஒன்று பூம்புகாரா, கோடியக்கரையா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. பார்க்க அழகாக இருக்கிறது, அதற்கு மேல் அதனால் யாருக்கும் பயனில்லை. கமெலினால் தரங்கம்பாடியின் பெயரை வைக்க முடிந்ததே, அந்த ஓடு எந்த ஊரிலிருந்து போனது என்ற சேதியும் அதோடு போனதுதான்.

சீட்டில் எழுத வேண்டியவை: ஊர், கரையின் எந்தப் பக்கம், தேதி, மணலிலா சங்காயத்திலா, படகுக்காரர் ஆழம் சொன்னால் எத்தனை பாகம் (ஆழம் அளக்கும் மீனவர் கணக்கு), எடுத்தவர் பெயர், என் சிப்பி எண். என்னுடைய ஒன்று இப்படி இருக்கும்: “எண் 41. தரங்கம்பாடி, கோட்டைக்குத் தெற்கே, குப்பைக் கோடு. கார்த்திகை, வாடை அடங்கிய மறுநாள். இடது காது உடைசல்.” தேதியைக் கீழே இலக்கத்திலும் போட்டுவிடுவேன். பென்சிலில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா மை நாளாக மங்கும், ஜெல் பேனாவும் வேண்டாம். சீட்டைச் சிப்பியோடு அதே கவருக்குள் வையுங்கள், எண்ணை ஓட்டின் உள்பக்க ஓரத்தில் பொடியாகக் கறுப்பு இந்தியன் இங்க்கில் எழுதுங்கள். கவர் மாறினாலும் எண் மாறாது. அதே எண்ணில் நோட்டில் ஒரு வரி, கைபேசியில் இரண்டு பக்கமும் ஒரு படம்.

இரண்டு ஒற்றை ஓடுகளைப் பொருத்தி ஜோடி என்று வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. விலாக்கோட்டை எண்ணிப் பார்த்தால் அநேகமாகக் குட்டு வெளிப்பட்டுவிடும். பொருந்தினாலும் சீட்டில் ‘சேர்த்து வைத்தது’ என்று எழுதிவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை

தை பிறந்து மழை ஈரம் வற்றியதும் எல்லா டப்பாவையும் திறக்கிறேன். மூடியைத் திறந்த அந்த நொடியில் மூக்கை வைக்க வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தால் வாடை கலைந்துவிடும். புளிப்பு வாடை வந்தால் அந்த டப்பாவை மட்டும் தனியே எடுத்து, உள்ளே எந்த அட்டை, எந்தப் பசை ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறேன். இந்தத் தை மாதம் அப்படித் தேடியதில் என் பையன் ஆசையாக வைத்த வாழ்த்து அட்டை ஒன்று கிடைத்தது. அட்டையை என் மேஜை டிராயருக்கு மாற்றினேன். அந்த டப்பாவில் இருந்த ஒன்பது சிப்பிகளும் இப்போது பேட்டரித் தண்ணீரில் குளித்துவிட்டு ஊஞ்சல் பலகையில் காய்கின்றன.